ஆறு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை

காலை சரியாக ஆறு மணிக்கு நர்ஸ் மெர்சி வந்து ராஜகனியின் தலைமாட்டில் இருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். சொம்பில் கால்வாசித் தண்ணீர் இருந்தது. அதைக் குடித்திருக்கலாம். ஐந்து ஐம்பத்தெட்டுக்குக்கூட அது இவள் கையில்தான் இருந்தது, அண்ணாந்து ஒரே மூச்சில் கவிழ்த்திருக்கலாம், ஏனோ மிச்சம் வைத்தாள், இருக்கிறது என்கிற தைரியத்துக்காக வைத்தாள், இப்போது அந்தத் தைரியம் நர்ஸின் இடுப்பில் சாய்ந்து தளும்பிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகிறது. போனவள் திரும்பி வந்து, ஓரத்தில் கோடு கோடாக எண் போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். "யக்கா, இனிமே நாங்க சொல்லுற வரைக்கும் ஒரு சொட்டு கூடாது. வாய் கொப்பளிக்கவும் கூடாது. பாத்ரூம்ல பைப்ப அடைச்சாச்சு. மணிக்கு ஒருதடவ இதுல ஒண்ணுக்குப் போயி முழுசா அப்படியே கொண்டாரணும். எடை பாப்போம், ரத்தம் எடுப்போம். புரிஞ்சுதா?" புரிந்தது. நேற்று டாக்டரம்மா நிலோபர் இதையே நிதானமாக, கையில் ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டு, அதன் மூடியைத் தொட்டுத் தொட்டுச் சொல்லியிருந்தார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதிலிருந்து வருகிற ஒரு ஹார்மோன்தான் கிட்னியிடம் தண்ணீரைப் பிடித்து வை என்று சொல்லுமாம். அது வரவில்லை என்றால் குடிப்பதெல்லாம் நிற்காமல் ஓடிப்போய்விடுமாம். "ஆனா சுரப்பி நல்லா இருந்து, நீங்களா பழக்கத்துல கூடக் குடிச்சாலும் வெளிய பாக்க இதே மாதிரிதாம்மா இருக்கும். எதுன்னு தெரியணும்னா தண்ணிய நிறுத்திப் பாக்கணும். நிறுத்தினதும் ஒண்ணுக்கு குறைஞ்சு கெட்டியா வந்தா, உங்களுக்கு வியாதி இல்ல. நிறுத்தியும் ஓடிக்கிட்டே இருந்தா வியாதி." பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வியாதி இல்ல என்ற இடத்தில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்ததை ராஜகனி பார்த்தாள். அவள் மனசு அந்த இடத்தில் இருண்டது. வியாதி இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டு படுத்திருக்கிற பொம்பளை உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். இல்லை என்று வந்துவிட்டால் அப்புறம் மிச்சம் என்ன, பைத்தியம்தான்.

ஆறேகாலுக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஆரம்பித்தது. இரண்டு இட்லி கொடுத்தார்கள், சட்னி இல்லாமல், சாம்பார் இல்லாமல், அது தொண்டையில் சுண்ணாம்புக்கட்டி மாதிரி நின்று, போவதா வருவதா என்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. தாகம் என்று ஊரில் எல்லாரும் சொல்லுகிற சொல்லையே இதற்கும் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு ஆற்றாமை. வெயிலில் நடந்து வந்தால் வருவது தாகம். இது அது இல்லை. இது உடம்பு முழுக்க ஒரு வாயாகித் திறந்துகொண்டு நிற்பது. சாதாரணத் தண்ணீரும் போதாது, பல் கூசுகிற குளிரில் வேண்டும், சோடா கலர் விற்கிற கடையில் போய் ஐஸ் கட்டி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருக்கிறாள், வீடு வருவதற்குள் சேலை நனைந்து தொடையெல்லாம் சில்லிட்டிருக்கும், அந்தச் சில்லிப்பும் சுகமாகத்தான் இருக்கும். இரண்டு வருஷம். அதற்கு முன்பு அவளும் எல்லாரையும் போலச் சாப்பாட்டுக்கு ஒரு டம்ளர், வேலைக்கு நடுவே ஒரு டம்ளர் என்று இருந்தவள்தான். பன்னிரண்டு வயதில் ஏழாம் வகுப்போடு நின்று தீப்பெட்டிக் கம்பெனிப் பஸ்ஸில் ஏறியவள், விடியற்காலை ஏறினால் மத்தியானம் வரைக்கும் ஒரு சொட்டுக் குடிக்காமல் குச்சி அடுக்குவாள், எழுந்து போனால் அடுக்குகிற கட்டை குறைந்து கூலி குறையும் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் இருந்தார்கள். அப்படி இருந்த உடம்பா இது. எந்த நாளில் ஆரம்பித்தது என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு ஆவணி மாசம், துணி துவைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து உள்ளே போய் ஒரு செம்பு குடித்தாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடி போய்க் குடித்தாள், மறுபடி. அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. அவளே கவனிக்கவில்லை. எட்டாம் நாள் குழாயில் நல்ல தண்ணீர் வருவதற்கு முன்னால், டிரம்மில் கை விட்டபோது அடித்தரை தட்டியது. அப்போதுதான்.

அவர்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டுக்குள் இருக்கிறது. எட்டு நாளைக்கு ஒருதரம் குழாயில் நல்ல தண்ணீர், மற்ற நாளில் போரிங்கில் உப்புத் தண்ணீர். ஒரு வீட்டுக்கு இத்தனை குடம் என்று தெருவே கண்ணால் அளந்துகொண்டிருக்கும் ஊரில் ஒருத்தி ஒரு நாளைக்கு ஒரு குடம் குடித்தால் அது வியாதியா, அது திருட்டு. "ராஜகனி வீட்டுக்கு மட்டும் தனிக் குழாய் இழுத்து விடுங்கப்பா" என்று குழாயடியில் சிரித்தார்கள். அவள் மதினி, செந்தூர்பாண்டிக்கு மூத்தவள், அவளும் சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் அந்தச் சிரிப்பில் ஊசி இருந்தது. "இவ வயித்துக்குள்ள கண்மாயா வெட்டி வச்சிருக்கா?" சுகர் என்றார்கள், பார்த்தார்கள், இல்லை. செய்வினை என்றார்கள். மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போனார்கள், அவர் நல்ல மனுஷர்தான், மாத்திரை கொடுத்தார், அதைப் போட்டால் தூக்கம் வந்தது, தூக்கத்துக்குள்ளும் அவள் குடித்துக்கொண்டே இருந்தாள், வாய்க்கால், கம்மாய், ரயில்வே டேங்க் என்று, எழுந்தால் உதடு வெடித்திருக்கும். வீட்டுக்காரர் முதலில் கேலிதான் செய்தார். அவர் மாவு மில் வைத்திருக்கிறார், மிளகாய் வற்றலும் மல்லியும் அரைத்து அரைத்து இமை முடியில்கூடத் தூள் படிந்திருக்கும், சட்டையை உதறினால் தெருவே தும்மும். "ஏளா, நம்ம மில்லு பெல்ட்டுக்குக்கூட ரெஸ்ட் உண்டு, ஒனக்கு இல்லியா?" என்றார். அப்புறம் கேலி நின்றது. அப்புறம் கெஞ்சினார். "ஒரே ஒரு நாள் குடிக்காம இருந்து பாரேன். எனக்காக." இருந்து பார்த்தாள். அவருக்காக. மத்தியானம் ஒரு மணிக்கு அடுப்படியில் சுவரைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்தவளுக்குத் தன் பெயர் என்னவென்று யோசிக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம்தான் பூட்டு. அவர்கள் பக்கம் தண்ணீர் டிரம்முக்குப் பூட்டுப் போடுவது வழக்கம்தான், வாசலில் வைத்திருக்கிற டிரம்மை ஊரே பூட்டித்தான் வைத்திருக்கிறது, அது திருடனுக்குப் பூட்டுகிற பூட்டு. இவர் வீட்டுக்குள் இருந்த டிரம்மைப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, "உன் நல்லதுக்குத்தான்" என்றார், அவளைப் பார்க்காமல் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் அவள் பின்கட்டில் பாத்திரம் கழுவ வைத்திருந்த வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி உப்புத் தண்ணீரைக் குடித்தாள். சோப்பு நுரை ஓரத்தில் மிதந்தது. நுரையை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தாள். நிமிர்ந்தபோது அவர் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், திட்டியிருக்கலாம், இரண்டு அடி அடித்திருந்தால்கூட அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டிருப்பாள். மறுநாள் பூட்டு இல்லை. அவரும் இல்லை. "காலையில சீக்கிரம் மில்லு ஓட்டணும், அங்கனயே படுத்துக்கிடுதேன்" என்று பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு போனார். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து கொல்லைக்குப் போகிறவளோடு படுத்துத் தூங்க யாரால் முடியும், அவர் பகலெல்லாம் நின்று உழைக்கிற மனுஷன், அது நியாயம்தான், அவளே பத்துப் பேரிடம் அப்படித்தான் சொன்னாள். ஆனால் தூங்கும்போது அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் வலது பாதத்தை எடுத்து அவள் பாதத்தின் மேல் வைத்துக்கொள்வார், வைத்த நொடியே குறட்டை வந்துவிடும், எங்கேயாவது கட்டிப்போட்டால்தான் மாடு தூங்கும் என்பதுபோல. இருபத்தாறு வருஷம் அந்தக் கனம். கல்யாணமான புதிதில் கூச்சமாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, வெயில் காலத்தில் உதறியிருக்கிறாள். இப்போது எட்டு மாதமாக வெறும் பாதம். தண்ணீருக்கு ஏங்குவதை வெளியே சொன்னால் பைத்தியம் என்கிறார்கள், நாற்பத்தெட்டு வயதில் இதற்கு ஏங்குவதைச் சொன்னால் என்ன சொல்வார்கள்.

ஏழு மணிக்கு ஜாடியை எடுத்துக்கொண்டு போனாள். பாத்ரூம் வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்தது. வழியில் ஒரு நீள பெஞ்சு, நோயாளிகளோடு வந்த ஆம்பிளைகள் வரிசையாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு, டீ ஆற்றிக்கொண்டு. போகும்போது காலி ஜாடி, பரவாயில்லை. வரும்போது அது ஐநூற்றறுபது மில்லியாக இருந்தது. மழைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல், கையில் கனத்துக்கொண்டு, நடக்க நடக்க ஓரத்தில் மோதிக்கொண்டு. முந்தானையால் மூடிக்கொண்டாள். மூடியதால் எல்லாரும் பார்த்தார்கள். வார்டு வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்து, "யம்மாடி! எருமை பேஞ்ச கணக்கா இருக்கே, இம்புட்டும் ஒரு ஆளு போனதா?" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதிசயப்பட்டுத்தான் சொன்னாள். பெஞ்சில் ஒருவர் பேப்பரைத் தாழ்த்தினார். ராஜகனிக்குக் காது இரண்டும் நெருப்பாக எரிந்தது. அவளுக்கு உடனே சாத்தூர் பஸ் ஞாபகம் வந்தது, வரக்கூடாது என்று எத்தனை கட்டிப்போட்டாலும் அறுத்துக்கொண்டு வருகிற ஞாபகம். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "தம்பி கொஞ்சம் நிறுத்துப்பா, தம்பி ஒரு நிமிஷம்" என்று இவள் கெஞ்ச, டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "யம்மா, இப்பத்தானே நிறுத்தினேன், பஸ்ஸா ஆட்டோவா இது?" பஸ்ஸே சிரித்தது. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது, பக்கத்தில் நின்றவர்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். பட்டுச் சேலை. வீட்டுக்காரர் தன் துண்டை எடுத்து அவள் இடுப்பில் சுற்றிவிட்டு, கல்யாணத்துக்குப் போகாமலே எதிர்ப் பஸ்ஸில் கூட்டி வந்தார். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவமானமா கோபமா துக்கமா என்று அவள் அந்த நரம்பிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

எட்டு மணிக்குப் பாத்ரூமில் நின்று ஜாடியைப் பார்த்தாள். மறுபடியும் ஐநூறு கோட்டை ஒட்டி நின்றது. வெளியே மெர்சி காத்திருக்கிறாள், அதற்கு அப்பால் பெஞ்சு, அதற்கு அப்பால் ஆயா. அவள் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்தாள். கை தானாகச் சாய்ந்தது, பாதி கீழே போனது, ஜாடி லேசானது, ஒரு மரியாதையான அளவுக்கு வந்து நின்றது, ஒரு குடும்பப் பொம்பளை தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய அளவு. இருநூற்றைம்பது. மெர்சி எழுதிக்கொண்டாள். ஆயா ஏதும் சொல்லவில்லை. அந்த நிம்மதி ஒரு கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் தாகம் நிம்மதியைக் குடித்துவிட்டது. எதிர்க் கட்டிலில் ஒரு பெண் பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்தாள், மூடி திருகுகிற நெறு நெறு சத்தம் ராஜகனியின் பல்லுக்குள் கேட்டது. அந்தப் பெண் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் போதும் என்று மூடினாள். போதும். எப்படிப் போதும். ஒரு ஆளுக்குப் போதும் என்று எந்த இடத்தில் தெரிகிறது, தொண்டையிலா, வயிற்றிலா, தனக்கு அந்த இடம் உடம்பில் எங்கே இருந்தது, எப்போது தொலைந்தது. ரத்தம் எடுத்துவிட்டு ஊசி குத்திய இடத்தில் ஈரப் பஞ்சை அழுத்திவிட்டுப் போனார்கள். பஞ்சின் ஈரம் ஸ்பிரிட், வாசனையே சொல்லியது, ஆனாலும் அதை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும் என்று ஒரு எண்ணம் வந்தது, வந்ததும் அவளுக்கே பயமாக இருந்தது, பஞ்சைத் தூக்கித் தூரப் போட்டாள். ஒன்பது மணிக்கு முந்தியதைவிட அதிகமாகக் கொட்டினாள். ஒருதரம் செய்தபின் கைக்குப் பழகிவிடுகிறது. ஜாடியில் நூற்றெண்பது நின்றது.

டாக்டரம்மா நிலோபர் ரவுண்ட்ஸ் வந்தபோது செந்தூர்பாண்டியும் வந்து கட்டில் ஓரம் நின்றார். கீழே கேண்டீனில் டீ குடித்திருப்பார், அவர் மூச்சில் ஏலக்காய் வாசம் ஈரமாக வந்தது. டாக்டரம்மா அட்டையைப் பார்த்துக்கொண்டே, "ஐநூற்றறுபது, இருநூற்றைம்பது, நூற்றெண்பது" என்று படித்தார். "குறைஞ்சுக்கிட்டே வருது. அப்படின்னா உடம்பு தண்ணியப் பிடிச்சு வைக்குது. எடை மட்டும் ஒண்ணரைக் கிலோ எறங்கியிருக்கு, அதுதான் இடிக்குது. மெர்சி, இந்த மிஷின் சரியா இருக்கா?" "அது பழசு டாக்டர். என்னையவே ஒருநாளைக்கு மூணு கிலோ கூட்டிச் சொல்லும்." டாக்டரம்மா சிரித்தார். "லேப்ல இருந்து வரட்டும். ஆனா பாக்கிறப்போ பெரிய வியாதி ஒண்ணும் இல்லாம இருக்கலாம். நல்லதுதானே?" செந்தூர்பாண்டி ஒரு பெருமூச்சு விட்டார். இரண்டு வருஷத்து மூச்சு அது. "நான் அப்பவே சொன்னேன்லா டாக்டர், அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு. எல்லாம் நெனப்புதான்" என்றவர், ராஜகனியின் பக்கம் திரும்பி, ஊரில் எல்லாரிடமும் பேசுகிற குரலில் இல்லாமல் பழைய குரலில், "ஏளா, கேட்டியா, ஒனக்கு ஒண்ணும் இல்லியாம்" என்றார்.

அந்தக் குரலுக்காக அவள் ஒப்புக்கொண்டிருப்பாள். அதுதான் கொடுமை. எட்டு மாதம் கழித்து அந்தக் குரல் வந்திருக்கிறது, தான் கொட்டிய பாதியின் மேல் நடந்து வந்திருக்கிறது. சும்மா இருந்துவிட்டால் என்ன. ஒன்றும் இல்லை என்றே இருக்கட்டும். வீட்டுக்குப் போகலாம், அவர் சந்தோஷத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார், ஒரு வாரம், இரண்டு வாரம். அப்புறம் அவள் எழுந்து குடிப்பாள். ஒருதரம் குடிப்பாள், பத்துத்தரம் குடிப்பாள். அப்போது அவருக்கு ஒரு டாக்டரின் வார்த்தை கையில் இருக்கும். ஒனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே என்பார். அதற்குமேல் அவளிடம் சொல்ல ஒன்றும் இருக்காது, இனி எந்த ஆஸ்பத்திரியும் இருக்காது, தன் உடம்பு பொய் சொல்லவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியைத் தானே கீழே ஊற்றிவிட்டு, வாளித் தண்ணீர் முன்னால் குந்தி உட்காருவாள். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது. என்ன சொல்லை வைத்துச் சொல்வது, இத்தனை பேர் நடுவில், அவர் நிற்கும்போது. நாக்கு புரளவில்லை, உள்ளே காய்ந்த தோலாகக் கிடந்தது, அதை எச்சிலால் நனைக்கலாம் என்றால் எச்சில் எங்கே. டாக்டரம்மா அதற்கடுத்த கட்டிலுக்குப் போனார். இன்னும் மூன்று கட்டில்தான், அப்புறம் கதவு. தீப்பெட்டிக் கம்பெனியில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்தது, ஒருத்தியும் ஒருநாளும் எழுந்து நின்று சொன்னதில்லை. "டாக்டரம்மா" என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடி, "டாக்டரம்மா!" இந்தத் தடவை வார்டே திரும்பியது.

"நான் கொட்டிட்டேன்" என்றாள். "எதைம்மா?" "ஜாடியில போனத. பாதியக் கீழ ஊத்திட்டுத்தான் கொண்டாந்தேன். ரெண்டு தடவயும். முழுசாத் தூக்கிட்டு வர வெக்கமா இருந்துச்சு." மெர்சிதான் முதலில் வாயைத் திறந்தாள், "அட யக்கா! மிஷின் மேல பழியப் போட்டேனே, அது பாவம் உண்மையத்தான் சொல்லியிருக்கு." செந்தூர்பாண்டி, "ஏளா, என்ன சொல்லுத நீ, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்றார், பழைய குரல் போய்விட்டது. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தப் பரிசோதனையில ஒளிச்சு வச்சுத் தண்ணி குடிச்சவங்க நிறையப் பேரப் பாத்திருக்கேன்மா. ஒருத்தர் பூந்தொட்டித் தண்ணியக்கூடக் குடிச்சாரு. மூத்திரத்தக் கொட்டினது நீங்க ஒரே ஆள்தான்" என்று சிரித்தார். கோபப்படுவார் என்று காத்திருந்த ராஜகனிக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை, அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. "மறுபடியும் மொதல்ல இருந்தா டாக்டரம்மா? நாளைக்கும் தண்ணி கிடையாதா?" "பாப்போம். பத்து மணிக்குப் போறத ஒரு சொட்டு விடாமக் கொண்டாங்க. அளவு தப்பினாலும் லேப்ல தப்பாது, எவ்வளவு கொட்டினாலும் ஜாடியில மிஞ்சினதும் அதே தண்ணிதானே."

பத்து மணிக்குக் கொண்டுவந்தாள். தலை சுற்றியது, வராந்தாச் சுவர் பக்கத்தில் வந்தும் தூரத்தில் போயும் ஆடியது, மெர்சி கையைப் பிடித்துக்கொண்டாள். ஐநூற்றிருபது. எடை சரியாக இரண்டு கிலோ குறைந்திருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் குடிக்காத உடம்பிலிருந்து இத்தனை. டாக்டரம்மா கையில் ஒரு காகிதத்தோடு வந்தார், அதை அவளிடம் கொடுக்காமல் செந்தூர்பாண்டியிடம் கொடுத்தார். அவர் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "அய்யா, ஒருத்தங்க சும்மா பழக்கத்துக்கு நிறையத் தண்ணி குடிச்சா ரத்தத்துல உப்பு கரைஞ்சு குறைஞ்சிருக்கும். இவங்களுக்கு உப்பு கூடியிருக்கு, நூத்தி நாப்பத்தொன்பது. ஆனா ஒண்ணுக்கு இன்னும் வெறும் தண்ணியாத்தான் போகுது. உப்பு இப்படி ஏறியும் உடம்பு தண்ணியப் பிடிச்சு வைக்கலன்னா அது வியாதிதான். இவங்க குடிச்சது நெனப்புக்காக இல்ல. குடிக்காம இருந்திருந்தா இவங்க இன்னைக்கு இல்ல." ஊசியில் ஒரு மருந்தை ஏற்றிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார், தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், காரணம் தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும், மாத்திரை இருக்கிறது, தினமும் போட வேண்டும். "ஒண்ணு மட்டும் மறக்கக்கூடாது. இந்த மருந்து உள்ள போனதும் தண்ணி உடம்புல தங்கிரும். பழைய ஞாபகத்துல குடம் குடமாக் குடிச்சீங்கன்னா உப்பு மளமளன்னு எறங்கி, வலிப்பு வந்து ஆளையே சாய்ச்சிரும். தாகம் எடுத்தா மட்டும்தான். இப்ப ஒரு டம்ளர் குடிங்க."

ஒரு டம்ளர். மெர்சி கொடுத்தாள். ராஜகனி அதை உடனே குடிக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு குடித்தாள். நாக்கின் வெடிப்பிலெல்லாம் அது தனித்தனியாக இறங்கியது, மார்புக்கு நடுவே ஒரு கோடு போட்டுக்கொண்டு போனது. தீர்ந்தது. இன்னும் வேண்டும் என்று உடம்பு கூவியது. அவள் காத்திருந்தாள். கூவல் இருந்தது. இருந்துகொண்டே இருந்தது. பிறகு எப்போது என்று தெரியவில்லை, தெருவில் போகிற ஊர்வலம் மாதிரி அது ஒரு முனை திரும்பிச் சத்தம் குறைந்து, இன்னொரு முனை திரும்பி, கேட்கிறதா இல்லையா என்கிற தூரத்துக்குப் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு ஜாடியில் தொண்ணூறுதான், மஞ்சளாக. அந்த மஞ்சளை மெர்சி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள், தங்கம் காட்டுவதுபோல. ராஜகனிக்குச் சந்தோஷம்தான். கும்பிட்ட சாமி கேட்டுவிட்டது. ஆனால் சந்தோஷத்துக்கு அடியில், வீட்டை விட்டு யாரோ ஒருவர் சொல்லாமல் போய்விட்டது மாதிரி ஒரு வெறுமை. இரண்டு வருஷம் இந்தத் தாகம் ஒன்றுதான் பக்கத்திலேயே இருந்தது. அது போன இடத்தில் அதற்குப் பின்னால் இத்தனை நாள் மறைந்திருந்த வேறொன்று, அந்த வெறும் பாதத்தின் ஏக்கம் நின்றது, அதற்கு ஊசியும் இல்லை மாத்திரையும் இல்லை.

செந்தூர்பாண்டி அவ்வளவு நேரமும் கட்டிலின் கால்மாட்டில், அந்தக் காகிதத்தை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். மடிப்பு நைந்துவிட்டது. எதிர்க் கட்டிலுக்குச் சாப்பாடு வந்தது, அந்தப் பெண்ணின் வீட்டார் பேசினார்கள், மின்விசிறி சுற்றியது. அவர் தொண்டையைக் கனைத்தார். மறுபடி கனைத்து, காகிதத்தைப் பார்த்தபடியே, "ஏளா" என்றார். "ரொம்பத் தாகமா இருந்துச்சா?"

இரண்டு வருஷத்தில் எத்தனை குடம் என்று கேட்டிருக்கிறார்கள், எத்தனை தடவை என்று கேட்டிருக்கிறார்கள், எதுக்கு என்று கேட்டிருக்கிறார்கள், டாக்டர்கள் எப்போதிருந்து என்று கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. இதைக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவள் ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தாள், எல்லாவற்றையும் கொட்டி அழுதுவிடுவது என்று. இப்போது வந்தது கோபம்தான். "இத இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சாக்கும்?" அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது ஒரு சாக்குச் சொல்வார், மில்லு என்பார், அக்கா சொன்னாள் என்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். "ஆமா" என்றார். "தோணல. தோணியிருக்கணும்." அவ்வளவுதான். அந்த ஆமாவை ராஜகனி கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தாள். அவளிடம் இன்னும் திட்டு இருந்தது, பூட்டுக்கு, பாய்க்கு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்ததற்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருந்தது, சொல்லுவாள், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, ஒன்றையும் விடப்போவதில்லை. "இருந்துச்சு" என்றாள். "ரொம்ப." சொல்லிவிட்டு அந்த ஒற்றை இரும்புக் கட்டிலில் சுவர்ப் பக்கமாக ஒரு முழம் நகர்ந்து படுத்தாள். அவர் வார்டை ஒருதரம் சுற்றிப் பார்த்தார், பொம்பளைகள் வார்டு, எல்லாரும் முழித்திருக்கிற பட்டப்பகல். பார்த்துவிட்டு, பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று, அந்த ஒரு முழத்தில் வந்து உட்கார்ந்தார்.